எள்ளு ஆட்ட எந்த மெஷின்: செக்கா, கரண்ட்டில ஓடுற சின்ன மெஷினா, லாண்ட்மாஸ்டர்ல ஓடுற எக்ஸ்பெல்லரா?

போன மாசம் கனடாவில இருந்து அண்ணா கதைக்கேக்க சொன்னவர், காசு அனுப்புறன் நல்ல பெரிய எண்ணெய் மெஷினா ஒண்டு வாங்கிப் போடு, வீட்டில இருந்தே உழைக்கலாம் எண்டு. அந்த அன்பு எனக்கு விளங்குது. ஆனா வன்னியில முத்தையன்கட்டுப் பக்கம் நாங்கள் மூண்டு வருசமா சின்ன மெஷினோட மல்லுக்கட்டி, பக்கத்து வீடுகளோட சேந்து செக்கும் ஓட்டி, ஊர்ச்சங்கத்து எக்ஸ்பெல்லர் எண்ட பெரிய ஸ்குரூ மெஷினிலயும் நிண்டு பாத்த ஆக்கள், அதால எந்த மெஷின் எந்த வீட்டுக்குச் சரிவரும் எண்டு அண்ணாக்குச் சொன்னதையே இஞ்ச வடிவா எழுதுறன், ஏனெண்டா இதே கேள்வியோட ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மல்லாவிப் பக்கமும் கனபேர் நிக்கினம்.

முதல்ல உங்கட கையில எவ்வளவு எள்ளு வருது எண்டு பாருங்கோ. ஒரு சிறுபோகத்துக்கு வீட்டுத்தேவைக்கு 60 கிலோ எள்ளு எண்டு வைப்பம். எள்ளில கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான், ஆனா எந்த மெஷினும் முழுக்கப் பிழிஞ்சு தராது, 100க்கு 40 வந்தா சந்தோசப்படலாம். அப்ப 60 கிலோவுக்கு 24 கிலோ எண்ணெய், எண்ணெய் தண்ணியை விடப் பாரம் குறைஞ்சது எண்டதால அது ஒரு 26 லீற்றர் வரும். ஒரு குடும்பத்துக்கு வருசம் முழுக்கக் காணும். இந்த 26 லீற்றருக்கு லச்சக்கணக்கில காசு போட்டு மெஷின் தேவையா எண்டு முதல் கேளுங்கோ, மெஷினில 100க்கு எவ்வளவு வரும் எண்ட கேள்வி பிறகு.

டவுண் ஆலைக்குக் கொண்டுபோறதைப் பற்றி கனக்கச் சொல்ல இல்லை. கூலி குடுத்தா வேலை முடிஞ்சுது. ஒரே குறை, பெரிய எக்ஸ்பெல்லருக்குள்ள எப்பவும் கொஞ்ச எள்ளு நிரம்பி நிக்கோணும், நீங்கள் 10 கிலோவோட போனா உங்களுக்கு முதல் வந்தவற்ற எண்ணெயும் உங்கடையும் கலந்துதான் வரும், அவற்ற எள்ளு பூஞ்சணம் பிடிச்சிருந்தா அதுவும் சேத்துத்தான். 50 கிலோவுக்கு மேல கொண்டுபோனா அந்தப் பிரச்சினை குறைவு. பிள்ளைகளோட தனிய இருக்கிற, மெஷினோட மினக்கெட நேரமில்லாத ஆக்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவன், வெக்கப்பட ஒண்டுமில்லை.

ஜாக் வைச்சு அமத்துறதும் இருக்கு. இரும்புச் சட்டத்துக்குள்ள துளை போட்ட உருளை, அதுக்குள்ள துணியில கட்டின எள்ளு, லொறி ஜாக்கால அமத்துறது. வெல்டிங் கடையில செய்விக்கலாம், கரண்ட் தேவையில்லை. ஆனா எள்ளை முதல் இடிச்சு இளஞ்சூடாக்க வேணும், ஒரு தரத்துக்கு ரெண்டு கிலோதான், அரை மணித்தியாலம் போகும், 10 கிலோவுக்கு மூண்டு கிலோ எண்ணெய் வந்தாலே பெரிசு. கை நோகும். சட்டத்தின்ர வெல்டிங் விட்டுப் பறந்தா ஆளையே அடிக்கும், அதால எனக்கு இதில விருப்பமில்லை.

மோட்டர் செக்குத்தான் எனக்குப் பிடிச்சது. உரலும் உலக்கையும் எண்ட அதே பழைய வேலைதான், மாட்டுக்குப் பதில் 2 அல்லது 3 குதிரைவலு மோட்டர். ஒரு தரத்துக்கு 10 கிலோ போட்டா முக்கால் மணித்தியாலத்தில இருந்து ஒரு மணித்தியாலம். ஆட்டேக்க இடையில கொஞ்சத் தண்ணியும் பனங்கட்டித் துண்டும் போடுறது அம்மம்மா காலத்து முறை, தண்ணி எள்ளு மாவில ஊறி எண்ணெயை வெளிய தள்ளும், பனங்கட்டி மாவைச் சேத்துப் பிடிக்கும், வாசமும் வரும். மெதுவாச் சுத்துறதால எண்ணெய் கனக்கச் சூடாகாது. புண்ணாக்கில எண்ணெய் கொஞ்சம் கூட மிஞ்சும்தான், ஆனா அது மாட்டுக்குத்தானே போகுது, எங்கட பசு அதைத் திண்டுட்டுத் தாற பாலைப் பாத்தா அது நட்டம் எண்டு சொல்ல மாட்டன். பிழை வாறதும் குறைவு, வந்தாலும் கண்ணுக்கு முன்னால தெரியும், மாவு உலக்கையோட சேந்து சுத்துதெண்டா தண்ணி காணாது, கஞ்சியாக் கிடந்து வழுக்குதெண்டா தண்ணி கூடிட்டுது. இடம் எடுக்கும், பாரம், அடியில கொங்கிறீற் போடோணும், விலையும் சின்ன மெஷினை விடக் கனக்கக் கூட, இதுதான் குறை. அதாலதான் நாங்கள் நாலு வீடு சேந்தனாங்கள்.

இனி எல்லாரும் கேக்கிற அந்த வெள்ளி நிறச் சின்ன மெஷின். மேசையில வைக்கிறது, மேல கொட்டுறது, உள்ள ஒரு ஸ்குரூ சுத்திச் சுத்தி எள்ளை முன்னுக்குத் தள்ளும், போகப் போக இடம் ஒடுங்கும், எண்ணெய் கீழ ஓடும், புண்ணாக்கு முன்னால வரும். செக்கு ஒரு தரம் போட்டு எடுத்துத் திருப்பிப் போடுறது, இது நிப்பாட்டாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கடையில அஞ்சு நிமிசம் ஓட்டிக் காட்டேக்க மாயம் மாதிரி இருக்கும், நானும் அப்பிடித்தான் வாங்கினனான். ஆனா நிக்காமல் ஓடுற மெஷினில ஒரு இடத்தில பிழை வந்தா எல்லாம் சேந்து நிக்கும், எள்ளின்ர ஈரம், மண், சூடு, கரண்ட், முன்னால இருக்கிற நட்டின்ர இறுக்கம், இந்த அஞ்சும் ஒரே நேரத்தில சரியா இருக்கோணும். செக்குக்கு இந்த மாதிரிப் பிடிவாதம் இல்லை.

ஈரத்தில இருந்து தொடங்குறன், ஏனெண்டா முதல் வருசம் நான் பட்ட பாட்டில முக்கால்வாசி இதாலதான். எள்ளு நல்லாக் காயோணும் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம், அது சேமிச்சு வைக்கிறதுக்குச் சரி. ஆனா எங்கட ஆடி வெயிலும் சோளகக் காத்தும் சேந்தா எள்ளு அளவுக்கு மிஞ்சிக் காஞ்சிடும், அதை அப்பிடியே கொட்டினா புண்ணாக்கு சேராமல் தூளாக் கொட்டும், ஸ்குரூவுக்குப் பிடி கிடைக்காது, அப்பிடியே உள்ள இறுகிக் கல்லாயிடும். இந்த மெஷினுக்கு 100க்கு 6 அளவில ஈரம் வேணும். அளக்கிறது லேசு, சின்னத் தராசில 100 கிராம் எள்ளை நிறுத்து, தாச்சியில கருகாமல் மெல்லிய நெருப்பில நல்லா வறட்டி ஆறவிட்டுத் திருப்பி நிறுங்கோ, 94 கிராம் நிண்டா 6, 96 நிண்டா 4. நாலு எண்டா 10 கிலோவுக்கு 200 மில்லி தண்ணி தெளிச்சு நல்லாப் பிரட்டி, மூடி ஒரு ராத்திரி வைச்சா ஆறுக்கு வந்திடும். தெளிச்ச உடன கொட்டாதேங்கோ, மேல்தோல் மட்டும் நனைஞ்சு உள்ளுக்குப் பருப்பு காஞ்சபடி இருக்கும், அப்ப புண்ணாக்கு ஒருக்கா சொதசொதவெண்டு வரும் ஒருக்கா தூளா வரும், எதைத் திருத்திறதெண்டு தெரியாமல் நிப்பீங்கள். அதே மாதிரி, ஈரம் கூடின எள்ளு போட்டா புண்ணாக்கு மெதுவா, எண்ணெய் ஒட்டினபடி வரும், கீழ வாற எண்ணெயும் கலங்கி நுரைக்கும்.

அடுத்தது மண். எள்ளுக்கட்டை நிறுத்தி வைச்சு வெடிக்க விட்டு உதறுறது எங்க எண்டு பாருங்கோ, வெறும் கிரவல் தரையில உதறினா சின்னச் சின்னக் கல்லெல்லாம் எள்ளோட வரும், எள்ளு அளவான கல் சுளகிலயும் தப்பும். தறப்பாளை விரிச்சு அதில உதறுங்கோ. பிறகு தண்ணியில போட்டு அரிக்கன் சட்டியால அரிச்சா கல் அடியில நிண்டிடும், அரிசி அரிக்கிற அதே கைப்பழக்கம்தான், அரிச்சதை அண்டைக்கே பரவிக் காயவைக்கோணும். மண் போனா ஸ்குரூ உடன நிக்காது, ஆனா முனை தேஞ்சு தேஞ்சு ஒரு வருசத்தில எண்ணெய் குறைஞ்சிடும், நீங்கள் எள்ளைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீங்கள். இன்னொண்டு, சண்டை நடந்த எங்கட மண்ணில இரும்புத் துண்டுக்குக் குறைவில்லை. பழுதாப்போன ஸ்பீக்கரின்ர காந்தத்தைக் கழட்டி ஒரு துணியில சுத்தி, எள்ளு கொட்டுற வழியில வைச்சு அதுக்கு மேலால விடுங்கோ. எங்கட காந்தத்தில முதல் நாளே நாலு துகள் ஒட்டினது. துகளுக்குத்தான் இந்த வேலை, காணிக்குள்ள விளங்காத பெரிய சாமான் ஏதும் கண்டா தொடாதேங்கோ, தள்ளி நிண்டு உரிய ஆக்களுக்குச் சொல்லுங்கோ.

கரண்ட்டைப் பற்றி கடைக்காரர் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. இஞ்ச கனவீட்டுக்கு ட்ரான்ஸ்போமர் தூரம், பின்னேரம் எல்லாரும் லைற்றும் மோட்டரும் போட 230 எண்டு இருக்கவேண்டிய வோல்ரேஜ் 190க்கு விழும். நாப்பதுதானே எண்டு நினைக்காதேங்கோ, மோட்டரின்ர முறுக்குப்பலம் வோல்ரேஜ் விழுற வேகத்தை விடக் கூட விழும், 190இல பலத்தில மூண்டில ஒரு பங்கு போயிடும். அப்ப மெஷின் உறுமும் ஆனா சுத்தாது, அப்பிடியே விட்டா சுருள் கருகும். உறுமினா அந்தச் செக்கனே நிப்பாட்டுங்கோ. ஒரு மல்ரிமீற்றர் வாங்கி, மெஷின் ஓடேக்கயே பிளக் பொயின்ரில அளவுங்கோ, நிப்பாட்டி வைச்சு அளந்தா பிழையான நம்பர்தான் காட்டும். எங்கட வீட்டில விடிய ஆறு மணிக்கு நல்ல வோல்ரேஜ், அதால நாங்கள் விடியத்தான் ஆட்டுறது. மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயரில இழுத்துக்கொண்டுபோய் மாமரத்துக்குக் கீழ வைச்சு ஓட்டுறவையைக் கண்டிருக்கிறன், அந்த வயரே வோல்ரேஜில ஒரு பங்கைத் திண்டிடும், சூடாகி உருகவும் செய்யும். தள்ளித்தான் ஓட்டோணும் எண்டா 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் எடுங்கோ, ஏர்த் கட்டாயம், இது முழுக்க இரும்பு உடம்பு, உங்கட கை எண்ணெயும் ஈரமுமா இருக்கும்.

பிறகுதான் சூடும் நட்டும். வாங்கின அண்டைக்கு ஸ்குரூ, குழாய் எல்லாம் கழட்டிச் சவுக்காரத் தண்ணியில கழுவித் துடைச்சுப் பூட்டுங்கோ, தொழிற்சாலை எண்ணெய் ஒட்டியிருக்கும், முதல் ஒரு கிலோவில வாற எண்ணெயைச் சமையலுக்கு எடுக்காதேங்கோ. ஹீற்றரைப் போட்டு 10, 15 நிமிசம் காத்திருந்து பிறகுதான் மோட்டரைப் போடோணும், ஆறின குழாயில எள்ளு இறுகினா கழட்டுறது பெரிய வேலை. முன்னால இருக்கிற நட்டை நல்லாத் தளத்தி விட்டுத் தொடங்குங்கோ, புண்ணாக்கு வரத்தொடங்கின பிறகு கால் சுத்து இறுக்கி ரெண்டு நிமிசம் பாருங்கோ, பிறகு இன்னொரு கால் சுத்து. ஆசைப்பட்டு ஒரேயடியா இறுக்கப்படாது. சரியான இடம் எப்பிடித் தெரியுமெண்டா, புண்ணாக்கு மெல்லிய தகடு மாதிரி, காஞ்சு, கையில உடைச்சா டக்கெண்டு முறியும், கசக்கினா விரலில எண்ணெய் பிசுபிசுக்காது. கருகின மணம் வந்து புகைச்சா கூட இறுக்கிப்போட்டீங்கள். எண்ணெயோட மண்டி கனக்க வந்தா முதல் எள்ளின்ர ஈரத்தைப் பாருங்கோ, அது சரியெண்டா ஸ்குரூவுக்கும் குழாய்க்கும் நடுவில தேஞ்சு இடைவெளி கூடியிருக்கும்.

ஒரு பிழை நான் செய்ததைச் சொல்லுறன், நீங்கள் செய்யாதேங்கோ. செக்கில பனங்கட்டி போட்டா வாசம் எண்டதால அதையே தட்டித் தூளாக்கி இந்த மெஷினில எள்ளோட கொட்டினனான். சூட்டில அது உருகிப் பாகாகி ஸ்குரூவையும் குழாயையும் ஒண்டா ஒட்டிப்போட்டுது, மோட்டர் உறுமிக்கொண்டு நிண்டது, மச்சாள் ஓடிப்போய் பிளக்கைக் கழட்டினவ. அண்டைக்கு முழுக்கச் சுடுதண்ணியில ஊறவைச்சு, மரக்கட்டையால தட்டித்தான் கழட்டினது. இரும்புச் சுத்தியலால தட்டினா ஸ்குரூ முனை கெடும். இனிப்பு ஒண்டும் இந்த மெஷினுக்குள்ள போகப்படாது, வாசம் வேணுமெண்டா செக்குக்குத்தான் வரவேணும். வேற எதுக்கும் இறுகினா, ஹீற்றரைப் போட்டு இளக விட்டு, பின்னுக்குச் சுத்துற சுவிற்ச் இருந்தா ஒரு சில செக்கன் பின்னுக்கு, பிறகு முன்னுக்கு, அதுக்கும் மசியாட்டிக் கழட்டத்தான் வேணும். விரலையோ கரண்டியையோ ஓடேக்க உள்ளுக்கு விடவே கூடாது. வேலை முடிக்கேக்க எள்ளு உள்ள நிக்க நிப்பாட்டாமல், ஒரு பிடி காஞ்ச புண்ணாக்கைப் போட்டு ஓட்டி வெறுமையாக்கி, கைபொறுக்கிற சூடு இருக்கேக்கயே கழட்டித் துடைச்சு வையுங்கோ. நாளைக்குப் பாப்பம் எண்டு விட்டா நாளைக்குக் கல்.

இவ்வளவும் பழகின பிறகு எங்கட சின்ன மெஷின் 10 கிலோவுக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தருது, செக்கை விட ஒரு கை மேல எண்டே சொல்லலாம். ஆனா பெட்டியில எழுதியிருக்கிற வேகம் எள்ளுக்கு வராது, எங்களுக்கு மணித்தியாலத்துக்கு மூண்டு நாலு கிலோ, ரெண்டு மணித்தியாலம் ஓடினா மோட்டரை ஆறவிடோணும். 60 கிலோ எண்டா நாலு கிலோப்படி பாத்தாலும் 15 மணித்தியாலம், அதுவும் பக்கத்தில ஒராள் நிக்கோணும். செக்கில அதே 60 கிலோ ஆறு தரம், ஒரு நாளில முடியும். அதால எள்ளுக்கு மட்டும் எண்டு இந்த மெஷினை வாங்காதேங்கோ. தேங்காய், கச்சான், எள்ளு எண்டு வருசம் முழுக்கக் கிழமைக்கு ரெண்டு மூண்டு கிலோ ஆட்டுற வீட்டுக்குத்தான் இது பொருத்தம். கொப்பறாவில எண்ணெய் 100க்கு 60க்கு மேல இருக்கு, எங்களுக்கு இதில தேங்காய் எண்ணெய்தான் நல்லா வருது, சின்னத்துண்டா வெட்டி நல்லாக் காயவைச்சுப் போடோணும்.

கச்சானைப் பற்றி ஒரு முக்கியமான விசயம் இருக்கு, இது எல்லா மெஷினுக்கும் பொருந்தும். சுருங்கின, கறுத்த, பச்சை மஞ்சளாப் பூஞ்சணம் பிடிச்ச பருப்பு ஒண்டையும் விடாமல் பொறுக்கி எறியுங்கோ. அதில வாற அஃப்ளரொக்சின் எண்ட நஞ்சு ஈரலைப் பாதிக்கிறது, மெஷின் சூட்டில அழியாது, எண்ணெயை விடப் புண்ணாக்கில கூடத் தங்கும், அதை மாடு திண்டா பாலிலயும் வரும், அந்தப் பாலை எங்கட பிள்ளைதான் குடிக்கும். மாட்டுக்குத்தானே எண்டு பழுதைச் சேத்து ஆட்டுற பழக்கம் எங்கயாவது கண்டா தயவுசெய்து அவைக்கு இதைச் சொல்லுங்கோ.

எக்ஸ்பெல்லர், அதுதான் அண்ணா சொன்ன பெரிசு. மணித்தியாலத்துக்குக் கனக்கக் கிலோ தள்ளும், ஆனா த்ரீ பேஸ் வேணும் அல்லது லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெஷின்ர என்ஜினில பெல்ட் போட்டு ஓட்டோணும். வீட்டுக்கு வழமையா வாற சிங்கிள் பேஸ் 30 அம்பியருக்குள்ள பெரிய மோட்டர் தொடங்கேக்க இழுக்கிற இழுவை தாங்காது, மோட்டர் தொடங்கிற நேரம் ஓடுறதைப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். லாண்ட்மாஸ்டர்ல ஓட்டுறதெண்டா புல்லிக் கணக்கு மட்டும் பிழைக்கப்படாது, என்ஜின் நிமிசத்துக்கு 2000 சுத்து, அதில 4 இஞ்சிப் புல்லி, மெஷினில 16 இஞ்சி எண்டா மெஷின் புல்லி 500 சுத்தும். மெஷின்காரர் சொன்ன சுத்தை விடக் கூட ஓடினா எள்ளு பிழிபடாமல் சூடாகி வெளிய வரும். த்ரீ பேஸ் மோட்டர் மாறிச் சுத்தினா மூண்டு வயரில எந்த ரெண்டையாவது மாத்திப் பூட்டினாச் சரி, மெயின் நிப்பாட்டிப்போட்டு. புது எக்ஸ்பெல்லரில முதல் நாளே எள்ளைக் கொட்டாமல், நட்டைத் தளத்தி விட்டுக் காஞ்ச புண்ணாக்கைத் திரும்பத் திரும்ப விட்டு உள்பக்கத்தை மினுக்க விடோணும், இதுக்கு ஒரு முழு நாள் போகும், சங்கத்து மெஷினில இதைச் செய்யாமல் தொடங்கித்தான் முதல் கிழமை முழுக்க இறுகி இறுகி நிண்டது. பெல்ட்டுக்கு வலைக்கூடு கட்டாயம், சேலைத் தலைப்பு, சோல், பின்னல் எதையும் அது விடாது. பத்துப் பதினைஞ்சு குடும்பம் எள்ளையும் கச்சானையும் சேத்துக் கொண்டுவாற இடத்தில, மெஷின் தெரிஞ்ச ஒரு பெடியன் முழுநேரமா நிக்கிறான் எண்டா இதை விட நல்லது இல்லை. ஒரு வீட்டுக்கு வாங்கினா அது கொட்டிலில தறப்பாள் மூடிக் கிடக்கும்.

எதில ஆட்டினாலும் எண்ணெயை உடன போத்தலில அடைக்காதேங்கோ, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில மெல்லிய துணியால மூடி ஒரு நாலு நாள் ஆடாமல் வைச்சா மண்டி அடியில நிக்கும், மேல தெளிஞ்சதை மட்டும் ஊத்தி எடுங்கோ. போத்தலில ஒரு சொட்டுத் தண்ணி நிண்டாலும் காறல் பிடிக்கும். நல்லெண்ணெய் மற்ற எண்ணெயளை விடக் கெடாமல் நிக்கும், கச்சான் எண்ணெயைக் கனநாள் வைக்காதேங்கோ.

அண்ணாக்கு நான் சொன்னது இதுதான்: எங்கட வீட்டுக்குப் பெரிசு வேண்டாம், நாலு வீட்டுச் செக்குக்கு மோட்டர் பழசாப் போச்சு, அதுக்கு ஒரு புது 3 குதிரைவலு மோட்டருக்குக் காசு தாங்கோ, மிச்சக் காசில சின்ன மெஷினுக்கு ஒரு ஸ்குரூவும் அந்த முன் நட்டும் உதிரியா வாங்கி வைப்பம். நீங்கள் சின்ன மெஷின் வாங்கப் போறதெண்டா அந்த ரெண்டும் கடையில இருக்கோ எண்டு காசு குடுக்க முதலே கேளுங்கோ, இல்லையெண்டு சொன்னா வேற கடை பாருங்கோ, போகேக்க உங்கட சொந்த எள்ளு அஞ்சு கிலோ கட்டிக்கொண்டு போய், கடைக்காரர் வைச்சிருக்கிற எள்ளில இல்லாமல் உங்கடையில ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ.